திண்டிவனத்தில் வைத்த பரஸ்தானம்

கோலியனூர் சீனுவாசன் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாதவர் குறைவு. ஒரு போகம் நெல், ஒரு போகம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, யார் வம்புக்கும் போகாத மனுஷன். என் தங்கச்சி சின்னபொண்ணை அவருக்குத்தான் கட்டிக் கொடுத்தோம். அவர்களுக்கு ஒரே மகள் கலைப்பிரியா. நான் அவளுக்குத் தாய்மாமன், பேர் முத்து. இருப்பது திண்டிவனத்தில், ஸ்டேஷனுக்குப் போகிற தெருவில். அவளுக்குக் காது குத்தியது என் மடியில் வைத்துத்தான். பத்தர் ஊசியை எடுத்ததும் என் கையைக் கடித்தாள், ஆனால் அழவில்லை. அவள் சுபாவமே அதுதான். அழ வேண்டிய இடத்தில் கடிப்பாள்.

சின்ன வயசில் வேப்பமரத்திலிருந்து விழுந்து வலது காலை முறித்துக்கொண்டாள். எலும்பு சேர்ந்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து பாரத்தை இடது காலில் போட்டுத்தான் நடப்பாள். எந்தச் செருப்பு வாங்கினாலும் அவளுக்கு இடது குதிகால்தான் முதலில் தேயும்.

விழுப்புரத்தில் காலேஜ் முடித்ததும் கெடாருக்குக் கட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளைக்கு வேறோர் ஊரில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. நானும் சீனுவாசனும் ஒரு வேனை எடுத்துக்கொண்டு போய், சீர் சாமானோடு சேர்த்து அவளையும் ஏற்றிக்கொண்டு வந்தோம். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தாள்.

அப்புறம் குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தாள். முதலில் ரூம் பெருக்குவது, படுக்கை விரிப்பு மாற்றுவது. போகப்போக வரவேற்பில் உட்கார்ந்தாள். வெள்ளைக்காரர்களோடு பேசிப் பேசியே இங்கிலீஷும் பிரெஞ்சும் வந்துவிட்டது. முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு தனியாக வரும் பெண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. அவர்களில் ஒருத்தி ஊருக்குப் போகும்போது தன் முதுகுப் பையை இவளுக்கே கொடுத்துவிட்டாள். நீல நிறம். நிறுத்தினால் இடுப்பு உயரம் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சித்திரை மாசம் நான் கோலியனூர் போயிருந்தபோது அவள் கூடத்துத் தரையில் மல்லாட்டையைப் பரப்பி வைத்திருந்தாள். பரப்பியதில் ஏதோ ஒரு கணக்கு இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை உரித்து வாயில் போட்டேன்.

"இது பாரீசு மாமா. இங்கதான் பிளேன் எறங்குது. இது ஸ்ட்ராஸ்பர்க். இது சுவிட்சர்லாந்து, மலைக்குள்ள பூந்து போவும். இது மிலான், இது வெனிசு. அப்புறம் வியன்னா. எல்லாம் டிரெயின்லயே. ஒரே பாஸ் எடுத்தா போதும், எந்த நாட்டு வண்டியிலயும் ஏறிக்கலாம்."

"நம்ம விழுப்புரம் எங்கம்மா?"

"இப்பத்தான உரிச்சித் தின்னீங்க. அதான் விழுப்புரம்."

சீனுவாசன் சிரித்துவிட்டார். சின்னபொண்ணு சிரிக்கவில்லை.

"துணைக்கு யாருடி?"

"யாரும் இல்லம்மா. தனியாத்தான்."

"ராத்திரி எங்க படுப்பே?"

"ஹாஸ்டல் மாதிரி இருக்கும். ஒரு ரூம்ல மேல கீழ கட்டில் போட்டிருப்பாங்க."

"ஆம்பளைங்களும் அதே ரூம்லயா?"

"பொம்பளைங்களுக்குத் தனி ரூம் இருக்குதும்மா."

"ஒரு தெரிஞ்ச மொகம் இல்லாத ஊருக்குத் தனியாப் போறது பொணம் ஒண்ணுதான்டி," என்றாள் என் தங்கச்சி.

கலைப்பிரியா மல்லாட்டைகளைப் பார்த்தபடியே சொன்னாள். "கெடாருக்கு நீங்க கொண்டுக்கினு போனீங்க. நீங்களே கொண்டாந்தீங்க. நானாப் போனேன்னு சொல்ல ஒரு ஊரு இல்லம்மா எனக்கு. இது ஒண்ணு போய்ட்டு வந்துடுறேன்."

"போவட்டும் வுடு," என்றார் சீனுவாசன்.

ஆனால் டிக்கெட் விழுந்தது ஆடி மாசத்தில். ஆடியில் எங்கள் வகையறாவில் யாரும் புதுசாகப் புறப்பட மாட்டார்கள். சின்னபொண்ணு பிடிவாதமாக நின்றாள். "ஆனியில நல்ல நாள் பாத்துப் பரஸ்தானம் வெச்சிடு. அப்புறம் நீ எப்ப வேணா போ."

பரஸ்தானம் என்றால் இதுதான். நாம் கிளம்புகிற நாள் நல்ல நாளாக இல்லையென்றால், அதற்கு முந்தி ஒரு நல்ல நாளில் நம் மூட்டையை மட்டும், போகிற திக்கில் இருக்கிற வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. வைத்த நேரத்திலேயே நாம் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. மூட்டைக்குள் உடுத்திக் கழற்றிய துணி ஒன்று இருக்க வேண்டும், துவைக்கக் கூடாது. ஒரு பிடி அரிசி, ஒரு மஞ்சள் கொம்பு. வைத்த மூட்டையை வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. அமாவாசையைத் தாண்டவும் விடக் கூடாது.

மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்கு வடக்கே போக வேண்டும். வடக்கே இருக்கிற சொந்தம் நான். அதனால் நீலப் பை என் வீட்டுக்கு வந்தது. கலைப்பிரியாவே பஸ்ஸில் கொண்டுவந்தாள். உள்ளே அவள் முந்தின நாள் போட்டிருந்த கடுகு மஞ்சள் துப்பட்டா. வெளியே வாரில் கட்டித் தொங்கிய புது ஷூ. முன் அறையில் மணைப் பலகை போட்டு அதன்மேல் பையை நிறுத்தினோம். என் வீட்டுக்காரி காசியம்மாள் கற்பூரம் காட்டினாள்.

"விசா வந்துடுச்சாம்மா?" என்று கேட்டேன்.

"வந்துடும் மாமா. குடுத்திருக்கேன்."

விசா கையில் வராமல் பரஸ்தானம் வைப்பார்களா? என் அப்பாவுக்குத் தம்பி ஒருவர், கன்னியப்பன் என்று பேர். வெள்ளைக்காரன் காலத்தில் பினாங்குக்குப் போவதாக இருந்து, இதேபோல் மூட்டையைப் பக்கத்து ஊரில் வைத்தார்கள். கப்பல் இல்லையென்று ஆகிவிட்டது. மூட்டையை வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். மூட்டை வந்தது, ஆள் வரவில்லை. உடம்பு வீட்டில்தான் இருந்தது. சாப்பிட்டார், உழுதார். கூப்பிட்டால் மட்டும் திரும்ப மாட்டார். கூப்பிடுவது வேறு யாரையோ என்பது போல நிற்பார். பெண்டாட்டி அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே தாலி அறுத்தவள் மாதிரி இருந்தாள். சாகிற வரைக்கும் அப்படித்தான். நான் பையனாக இருக்கும்போது அவர் எதிரில் போய் நின்று பார்த்திருக்கிறேன். அவர் கண்ணில் என் உருவம் தெரியும், அவருக்கு நான் தெரியமாட்டேன்.

இதை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. புறப்படுகிற பெண்ணிடம் என்னத்தைச் சொல்வது?

பை வந்த கொஞ்ச நாளில் ஒரு காலை, பெருக்கிக்கொண்டிருந்த காசியம்மாள் கூப்பிட்டாள். "ஏன்யா, இந்த ஷூவைக் கழுவினியா?"

"நான் ஏன் அதைக் கழுவறேன்?"

"அடி நனைஞ்சிருக்குதே."

தொட்டுப் பார்த்தேன். ஈரம்தான். ஆனி வெயிலில் தெருவே பொரிந்துகொண்டிருந்தது, ஊரில் ஒரு துளி மழை இல்லை. விரலில் கறுப்பாக மண் ஒட்டியது. எங்கள் பக்கத்து மண் சிவப்பு. காசியம்மாள் துணியால் துடைத்துவிட்டாள்.

அடுத்த முறை ஷூவின் அடியில் ஒரு இலை ஒட்டியிருந்தது. பருத்தி இலை போல விரல் விரலாக விரிந்திருந்தது, ஆனால் பருத்தி இல்லை. அகலம் என் உள்ளங்கைக்கு மேல். ஊரில் இருக்கிற மரம் எல்லாம் எனக்குத் தெரியும், அப்படி ஒரு இலையை நான் பார்த்ததில்லை. காசியம்மாள் ஷூவைத் திருப்பிக் காட்டினாள். ஒரு நாளும் காலில் போடாத புது ஷூ. இடது குதிகால் தேய்ந்திருந்தது.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்கே பின்கட்டு அறையில் பாயைப் போட்டுக்கொண்டோம். முன் அறைக்கு யாரும் போவதில்லை. அப்படியும் ஒரு நாள் மத்தியானம் படுத்திருந்தபோது, முன் அறையில் யாரோ பையின் வாரை இழுத்து இறுக்குகிற சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் பை வைத்த இடத்தில்தான் இருந்தது. வார்தான் இறுகியிருந்தது.

ஸ்டேஷன் வாசலில் சவுரிராயன் டீக்கடை. எனக்கு அங்கே தினமும் ஒரு டீ. ஒரு நாள் அவர் கிளாஸை வைத்துக்கொண்டே கேட்டார். "உங்க தங்கச்சி பொண்ணு தெனம் மெட்ராஸ் போவுதா?"

"இல்லையே. ஏன்?"

"காலையில வண்டிக்கு நின்னுக்கினு இருந்துச்சு. மஞ்சள் துப்பட்டா. டீ வேணுமான்னு கேட்டேன், பதில் சொல்லல. வேத்து ஆளைப் பாக்கற மாதிரி பாத்துச்சு. ஏன் பெரியவரே, வீட்ல சண்டையா?"

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கலைப்பிரியா வேலையை நிறுத்திவிட்டு, விசாவுக்காகக் கோலியனூரில்தான் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவளே போன் செய்தாள். "மாமா, ஒரு தடவை வந்துட்டுப் போறீங்களா? வீட்ல யாரும் என்னைக் கண்டுக்க மாட்டேங்கறாங்க."

"கோவமா இருக்காங்களாம்மா?"

"கோவம் இல்ல மாமா. வேற மாதிரி. வந்து பாருங்க."

போனேன். சின்னபொண்ணு கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். தட்டுகளை எடுத்து வைத்தாள். எனக்கு ஒன்று, சீனுவாசனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. சோற்றைப் போட்டபடியே பெருமூச்சு விட்டாள்.

"கலை இருந்திருந்தா இந்தக் கொழம்புக்கு ரெண்டு தட்டு சாப்பிடும். அந்த ஊர்ல இன்னாத்தத் தின்னுதோ."

கலைப்பிரியா அவளுக்குப் பின்னால், தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். பாத்தீங்களா மாமா என்கிற மாதிரி.

"சின்னபொண்ணு," என்றேன், "பொண்ணு பின்னாலயே நிக்குதே."

திரும்பினாள். தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு. "அட, நீ எப்படி வந்தே?" என்றாள். அப்புறம் தானே கண்ணைக் கசக்கிக்கொண்டு, "வெயிலு தலைக்கு ஏறிப்போச்சு எனக்கு," என்று சிரித்தாள். தட்டு எடுத்து வைத்தாள். ஆனால் சோறு போட மறந்துவிட்டாள். கலைப்பிரியா தானே போட்டுக்கொண்டாள்.

அவள் என்னை பஸ் ஏற்றிவிட வந்தாள். வழியில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கண்டக்டர் அவளைத் தாண்டிப் போய் அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழிக்கிறான். அப்பா அவள் வெளியே நிற்கும்போதே கதவைத் தாழ் போடுகிறார். தட்டினால் திறந்துவிட்டு, காற்று என்று சொல்லி மறுபடி சாத்துகிறார். எதையும் அழாமல்தான் சொன்னாள். எனக்கே அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கானல் ஓடுகிற பக்கம் பார்த்தால் கண் நழுவுமே, அதுபோல நழுவியது. ஒவ்வொரு முறையும் பிடித்து இழுத்து அவள்மேல் வைக்க வேண்டியிருந்தது.

அன்றைக்குத்தான் கன்னியப்பன் கதையைச் சொன்னேன். முழுசும் கேட்டாள்.

"அப்ப நான் போவலன்னா இப்படியேதானா மாமா?"

"விசா வந்துட்டா பையை எடுத்துக்கினு போயிடுவே. ஒண்ணும் ஆவாது. அமாவாசைக்குள்ள எடுத்துடணும், அவ்ளோதான்."

விசா வரவில்லை. பாஸ்போர்ட்டுதான் திரும்பி வந்தது, கூடவே ஒரு காகிதம். அதை போனில் படித்துச் சொன்னாள்.

"நான் திரும்பி வருவேன்னு அவங்களுக்கு நம்பிக்கை இல்லையாம் மாமா."

மறுபடி போடலாம், ஆனால் நாளாகும் என்றாள்.

அதற்கு அப்புறம் என் தங்கச்சி கூப்பிட்டாள். குரலில் ஒரே குதூகலம். "நல்லதாப் போச்சுண்ணா. பையைக் கொண்டாந்து இங்க போட்டுடு. போதும் இந்தப் பேஜாரு."

"பையைத் திருப்பக் கூடாது சின்னபொண்ணு. கன்னியப்பன் சித்தப்பாவை மறந்துட்டியா?"

"அவருக்குக் காத்து கருப்பு அண்டிச்சி. அதை இத்தோட முடிச்சிப் போடாத."

"சரி, கலை பக்கத்துல இருக்குதா? போனைக் குடு."

"கலையா?" என்றாள். "அதுதான் ஊருக்குப் போயிடுச்சேண்ணா." சொல்லிவிட்டு அவளே மூச்சை நிறுத்திக்கொண்டாள். பின்னால் கலைப்பிரியா, "இங்கதாம்மா இருக்கேன்," என்று சொல்வது எனக்குக் கேட்டது. என் தங்கச்சிக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

வருகிற அமாவாசை ஆடி அமாவாசை. செத்தவர்களுக்குப் படைக்கிற நாள். அதற்கு முந்தின நாள் மத்தியானம் கலைப்பிரியா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். காசியம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தலையைத் தூக்குவதற்குள் இரண்டு தரம் அத்தை என்று கூப்பிட வேண்டியிருந்தது.

"பையை எடுக்க வந்திருக்கேன் மாமா."

"வீட்டுக்கா?"

"இல்ல. மெட்ராஸ் போயி, அங்கேர்ந்து டில்லி. டில்லியிலேர்ந்து எந்த வண்டி கெடைக்குதோ அது. நம்ம நாட்டுல இருக்கற ரயில்லயே ஒரு சுத்து தனியாச் சுத்திட்டு வரேன். அப்புறம் மறுபடியும் விசா போடறேன். நான் பொறப்படணும், அவ்ளோதான? எங்கன்னு யாரு கேக்கப் போறாங்க?"

"பயமா இல்லியாம்மா?"

"இங்க இருக்கறதுதான் மாமா பயமா இருக்குது."

காசியம்மாள் ஜல்தியாகப் புளிச்சோறு கிளறி டப்பாவில் கட்டினாள். கலைப்பிரியா முன் அறைக்குப் போய் அந்த ஷூவை மாட்டிக்கொண்டாள். மாட்டியதும் அப்படியே நின்றாள்.

"இன்னாம்மா?"

"சூடா இருக்குது அத்தை. யாரோ இப்பத்தான் கழட்டி வெச்ச மாதிரி."

பையைத் தூக்கி அவள் முதுகில் ஏற்றினோம். பையின் மேல் வாயை மட்டும் திறந்து, துப்பட்டாவை எடுத்துத் தருகிறேன், போட்டுக்கொள் என்றாள் காசியம்மாள். கை விட்டுத் துழாவினாள். அரிசி இருந்தது, மஞ்சள் இருந்தது. துப்பட்டா இல்லை.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கிளம்பினோம்.

பிளாட்பாரத்தில் கூட்டம் இருந்தது. மறுநாள் அமாவாசைக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள். விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் வந்து நின்றது. எங்களுக்கு நேரே நின்ற பெட்டியில், ஜன்னல் ஓரம் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. தோளில் கடுகு மஞ்சள் துப்பட்டா. எதிர் இருக்கையில் உட்கார இடமில்லாமல் ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். அவள் பக்கத்தில் மட்டும் ஓர் ஆள் உட்கார இடம் காலியாக இருந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.

காசியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுல ஏறாத பாப்பா," என்றேன். "அடுத்த வண்டிக்குப் போலாம்."

கலைப்பிரியா அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. ஆனால் உதடு லேசாகச் சிரித்தது.

"எனக்கு எடம் புடிச்சி வெச்சிருக்குது மாமா," என்றாள்.

ஏறிவிட்டாள். ஜன்னல் ஜன்னலாக அவள் உள்ளே நகர்ந்து போவது தெரிந்தது. பை பெரிசு, ஆட்களை இடித்துக்கொண்டு போனாள். யாரோ திட்டினார்கள். "ஏம்மா, மூட்டையை எறக்கி வெச்சிக்கினு வரக் கூடாதா?" எத்தனையோ நாளைக்கு அப்புறம் முன்பின் தெரியாத ஒருத்தர் அவளைப் பார்த்துத் திட்டுகிறார். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த இருக்கைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். உட்கார்ந்திருந்தவள் இன்னும் திரும்பவில்லை. கலைப்பிரியா குனிந்து அவள் தோளில் கையை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒருத்தர் தலையில் பெரிய பூக்கூடையோடு எங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வந்துவிட்டார். அவர் தாண்டியபோது ஜன்னல் ஓரம் ஒருத்திதான் இருந்தாள். கழுத்தில் மஞ்சள் துப்பட்டா, மடியில் நீலப் பை. என்னை நேராகப் பார்த்தாள். என் கண் நழுவவில்லை. வண்டி நகர்ந்தது. கையை ஆட்டினாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சேருவதற்குள் போன் அடித்தது. என் தங்கச்சி. பேச முடியாமல் தேம்பினாள்.

"அண்ணா, கலை போயிடுச்சா? சொல்லுண்ணா, போயிடுச்சா? வூடு வெறிச்சுன்னு இருக்குதுண்ணா. அது துணி கொடியில தொங்குது, பாக்க முடியல. சாப்பிட்டுதான்னு கூட நான் கேக்கலயே."

"புளிச்சோறு கட்டிக் குடுத்திருக்குது உன் அண்ணி," என்றேன். "அழு, நல்லா அழு." அவள் அழ அழ என் மனசு லேசாகிக்கொண்டு வந்தது. எதிரிலேயே இருந்த பெண்ணுக்காக அத்தனை நாள் பெருமூச்சு விட்டவள், இன்றைக்குத்தான் போன பெண்ணுக்காக அழுகிறாள்.

கலைப்பிரியா வடக்கே சுற்றிவிட்டு ஆவணியில் வந்தாள். கறுத்து இளைத்திருந்தாள். வாசலில் கால் வைக்கும்போதே சின்னபொண்ணு ஓடிப்போய் மூட்டையை வாங்கிக்கொண்டு, "எலும்பாப் பூட்டியேடி," என்று வைதாள். மறுபடி விசாவுக்குப் போட்டாள். இந்தத் தடவை கிடைத்துவிட்டது. நாள் பார்க்கவில்லை, பரஸ்தானம் வைக்கவில்லை. பையும் ஆளும் ஒன்றாகத்தான் கோலியனூர் வீட்டிலிருந்து கிளம்பியது.

போன இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எனக்கு ஒரு போன் செய்வாள். ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து செய்தபோது பின்னால் வண்டிச் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். நல்ல பகல் அங்கே.

"மாமா, இங்க காபி விக்கற அம்மா என்னைப் பாத்துட்டு, மறுபடியும் வந்துட்டியான்னு கேக்குது. வெயில் காலத்துல வந்தியாம், மழையில நனைஞ்சிக்கினு நின்னியாம், வாயே தொறக்கலியாம்."

"நீ இன்னாம்மா சொன்னே?"

"ஆமான்னேன் மாமா. அன்னிக்கு இன்னா குடுத்தீங்களோ அதையே குடுங்கன்னு கேட்டேன். குடிச்சிக்கினு இருக்கேன். நல்லாத்தான் இருக்குது."